அவன் வேற ஆளு

அவர் வீட்டுக் கூரையில் அவரே மூன்று ஆளாகப் படுத்துக் கிடப்பார். ராஜபாளையத்தில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போனால் அந்த வீடு. தகரக் கூரை. எங்கெல்லாம் ஒழுகியதோ அங்கெல்லாம் ஒரு பழைய பிளெக்ஸ் போர்டைப் பிரித்து விரித்து, காற்றில் பறக்காமல் செங்கல் ஏற்றி வைத்திருந்தார்கள். படுக்கிற இடத்துக்கு மேலே சாரல் மாரி. தோள் வரைக்கும் முடி, வெள்ளிக் கலர் ஜிப்பா. அடுப்படிக்கு மேலே ரித்திக்ராஜ். கோட்டு, கறுப்புக் கண்ணாடி. வாசலுக்கு மேலே கிங் எரிமலை. கழுத்தில் மாட்டுச் சங்கிலி கனத்துக்கு ஒரு சங்கிலி, முதுகுக்குப் பின்னால் தீ. மூன்றுமே அவர்தான். ஒவ்வொரு தடவை பேரை மாற்றும்போதும் பழைய பேர் கூரைக்குப் போகும்.

மேடைப் பேரை மாற்றினால் பாடுகிறவனுக்கு ஏதாவது பலன் உண்டா என்று என்னிடம் யாராவது கேட்டால், உண்டு, ஒழுகல் நிற்கும் என்பேன்.

அவருடைய அம்மா அப்பா வைத்த பேர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு பேராவது அவருக்கு மிச்சம் இருக்கட்டும்.

நான் ஒரு ஊரில் சேர்ந்தாற்போல் இருந்தவன் இல்லை. ஏழாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு நூல் மில்லுக்குப் போனேன். பஞ்சுத் தூசியில் இருமல் வந்ததும் கொல்லத்துக்குப் போய் புரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். கல்லில் கை வெந்தது. ஆறும் வரை சோறு போட அங்கே யாரும் இல்லை என்பதால் ரயிலேறி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட் வைத்திருந்த ஒரு பாயிடம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். பாய் மைக்செட்டோடு கச்சேரிக் கோஷ்டியும் ஏற்பாடு செய்து கொடுப்பார். அவருடைய கோஷ்டியில் முக்கியப் பாடகர்தான் நான் சொல்ல வந்த ஆள். நான் சேரும்போது அவர் ரித்திக்ராஜாக இருந்தார். எந்தப் பேரில் இருந்தாலும் எனக்கு அவர் அண்ணாச்சி.

அதற்கு முன்னாலேயே எனக்கு அவர் குரல் தெரியும். செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்டோ, மினி பஸ், ரேடியோ செட் எல்லாவற்றிலும் ஓடிய மழைப் பாட்டு அவருடையது. சொந்தமாகக் கட்டிய பாட்டு.

மேக்க மலை மேல கருக்கலு கட்டுது
மெதுவா வாடி மழையே
கொடியில காயுது மச்சான் சட்டை
கொஞ்சம் நின்னு வாடி மழையே

இவ்வளவுதான் பல்லவி. கடைசி வரியில் குரலைக் கீழே இறக்கி, மழை தூரத்தில் கேட்கிற மாதிரி விட்டுவிடுவார். கொல்லத்தில் கை எரிச்சலோடு படுத்திருந்தபோது அந்த இறக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பாடியவர் பேர் சாரல் மாரி. முகம் அதிகம் பேருக்குத் தெரியாது, குரலும் பேரும் எல்லோருக்கும் தெரியும். கோயில் பொங்கலுக்குக் கச்சேரி போர்டு அடித்தால் 'மழைப் பாட்டு புகழ்' என்று மேலே போட்டு, அதற்குக் கீழே பேரைப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் பாடகன் என்றால் ஏதோ ஒன்றின் புகழாக இருக்க வேண்டும். ஒன்றுமில்லாதவனை 'உங்கள் அபிமான' என்று போட்டு ஒப்பேற்றுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த வாரம் அவரோடு பால்கோவா வாங்கப் போனேன். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டு, நிமிர்ந்து பார்த்து, கண்ணில் தண்ணீர் வராத குறையாக, "மழைப் பாட்டு பாடுனது நீங்கதான, சாரல் மாரி?" என்றார். சூடு ஆறாத பால்கோவாவை இலையில் அள்ளி வைத்து நீட்டினார். என் மகள் அந்தப் பாட்டைப் போட்டால்தான் தூங்குவாள் என்றார். அண்ணாச்சி நின்று நிதானமாகத் தின்றார். இலையை வழித்தார். மடித்துப் போட்டார். பிறகு சொன்னார்:

"அவன் வேற ஆளு. எனக்கும் பழக்கம்தான். ஸ்ருதி சுத்தம் கிடையாது அவனுக்கு."

கடைக்காரர் அவரைப் பார்த்தார், காலி இலையைப் பார்த்தார்.

இதுதான் அவர். பேர் மாற்றுகிறவர்கள் ஊரில் நிறைய. ஜோசியம் பார்த்து மாற்றுவான், வெட்கப்பட்டு மாற்றுவான், போலீசுக்குப் பயந்து மாற்றுவான். இவர் பேரை மாற்றினால் ஆளே மாறிவிட்டதாக நம்பினார். பழைய பேர்க்காரர்கள் எல்லாம் அவர் பேச்சில், சரியாகப் பிழைக்கத் தெரியாமல் செத்துப்போன சொந்தக்காரர்கள் மாதிரி வருவார்கள். சாரல் மாரி சோம்பேறி. ரித்திக்ராஜ் பகட்டுக்காரன். மேடையில் வரியை மறந்து முழித்தது ரித்திக்ராஜ். தபேலாக்காரரை அடிக்கக் கை ஓங்கியது சாரல் மாரி. மன்னிப்புக் கேட்க அவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மிச்சமிருப்பவர் தப்பே செய்யாதவர்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி, எனக்கு மதினி, சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தார். காலையில் போனால் காதில் தறிச் சத்தத்தோடு பொழுது சாயத் திரும்புவார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில். ஒரு நாள் நான் ஸ்பீக்கர் வயர் வாங்கப் போயிருந்தபோது, கூரையை மாற்றித் தருவதாக எப்போதோ சொன்னதை மதினி ஞாபகப்படுத்தினார். மழை நேரம், அண்டா ஒன்று ஒழுகலுக்கடியில் நிறைந்துகொண்டிருந்தது.

"அந்த வாக்கைக் குடுத்தது சாரல் மாரி" என்றார் அண்ணாச்சி. "உன்னையக் கெட்டுனதும் அவன்தான். அவன் செஞ்சதுக்கெல்லாம் நான் பொறுப்பாவ முடியுமா?"

மதினி அண்டாவைத் தூக்கி வெளியே கவிழ்த்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "சரிங்க" என்றார். கேட்டு வைத்துக்கொண்டார் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

மதினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மதினி அதில் தீவிரம். ஆஸ்பத்திரியில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்லுவார். சொந்தப் பேர் மட்டும் இல்லை, மேடைப் பேரும் புருஷன் பேர்தானே என்று அதையும் சொல்ல மாட்டார். அந்தப் பேரில் இருக்கும் சொல் வேறெங்கே வந்தாலும் வாயில் எடுக்க மாட்டார். சாரல் மாரி காலத்தில் மலையிலிருந்து சாரல் அடித்தால் தூத்தல் என்பார். மாரியம்மன் கோயிலை வெறும் அம்மன் கோயில் என்பார். ரித்திக்ராஜ் வந்ததும் ராஜபாளையம் என்ற ஊர்ப்பேர் அவருக்கு இல்லாமல் போயிற்று. பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம், "அடுத்த ஊரு ஒண்ணு" என்பார். சொந்த ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கத் தெரியாத பொம்பளை என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள். போன பேருக்கும் மரியாதை உண்டு என்பதால் பழைய சொற்களும் திரும்பி வரவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு தடவை புதிதாகப் பிறக்கும்போதும் மதினிக்குப் பேசச் சில சொற்கள் குறைந்தன.

தறியில் கூட இருந்த பெண்கள் ஒரு தடவை, உன் வீட்டுக்காரருக்கு இப்போ என்ன பேர் என்று கேலியாகக் கேட்டார்களாம். "முன்ன இருந்த பேரையே நான் சொன்னதில்ல. இனி புதுசா எதுக்குத் தெரிஞ்சுக்கிட்டு" என்றாராம் மதினி.

அண்ணாச்சிக்கு இந்த யோசனையெல்லாம் செல்போனிலிருந்து வந்தது. வெளிநாட்டுப் பெரிய பாடகர்களின் வீடியோவைச் சார்ஜ் தீரும் வரை பார்ப்பார். அவர்கள் ஆல்பத்துக்கு ஒரு பேர், ஒரு முடி, ஒரு நிறம் என்று மாறுகிறார்கள், பழைய ஆளைக் கொன்றுவிட்டுப் புது ஆளாக வருகிறார்கள், ஜனம் பைத்தியமாகிறது என்பார். வேனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் அருப்புக்கோட்டை வரை போயிருக்கிறோம். இமேஜ் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அது பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது மாதிரி ஏதோ ஒன்று என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பாய் ஒரு தடவை பொறுக்க முடியாமல் சொன்னார். "ஏப்பா, அவனுக பேரை மாத்துனா பேப்பர்ல வருது. நீ மாத்துனா நான் போர்டை மாத்தணும், அம்புட்டுதான். வருசம் பூரா விசாரிக்க வாரவன் மழைப் பாட்டு ஆளு இருக்காரான்னு கேக்கான். நான் இல்லன்னு சொல்லி அனுப்புதேன். இருக்கிற ஆளை வச்சுக்கிட்டே இல்லன்னு சொல்லுத மொத யாவாரி நான்தான்."

அண்ணாச்சி அதற்கு, கலைஞன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். பாய் கல்லாப்பெட்டியைச் சாத்திவிட்டுத் தொழப் போய்விட்டார்.

ரித்திக்ராஜைக் கொன்ற அன்று நானும் கூட இருந்தேன். செண்பகத்தோப்பில் ஓடையில் முங்கி எழுந்து, அவன் போட்டிருந்த பழைய கோட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வர வேண்டும், அப்போதுதான் அவன் போனதாக அர்த்தம் என்று என்னையும் கூட்டிப் போனார். முங்கினார். கோட்டை விட்டார். அது போகவில்லை. கையை விரித்துக்கொண்டு ஒரு பாறையில் மாட்டி நின்றது. பார்க்கிறதுக்கு ஆள் கிடக்கிற மாதிரியே இருந்தது. மேலேயிருந்து பார்த்த வனக்காவலர் ஒருவர் பதறி இறங்கி ஓடி வந்தார். பிணம் இல்லை, கோட்டு என்று தெரிந்ததும் பயமெல்லாம் கோபமாகிவிட்டது. காட்டு ஓடையில் துணி போட்டதற்குக் கேஸ் எழுத வேண்டும், பேர் என்ன என்றார்.

அண்ணாச்சி ஈரத்தோடு நின்றார். பழைய பேர் தண்ணீரில் போய்விட்டது. புதுப் பேரை யோசித்தார்.

"புதுப் பேரு வெள்ளிக்கிழமைதான் சார் வெளியிடுதோம்" என்றார்.

காவலர் என் பக்கம் திரும்பி, இவருக்கு மருந்து மாத்திரை ஏதாவது உண்டா என்று மெதுவாக விசாரித்தார். நான் ஓடையில் இறங்கி கோட்டை எடுத்துப் பிழிந்தேன். என் பேரைச் சொன்னேன். எனக்கு ஒரே பேர்தான், அது கேஸில் வந்தாலும் குறைந்துபோக ஒன்றுமில்லை. அவர் எழுதவில்லை, திட்டி அனுப்பிவிட்டார். அந்தக் கோட்டை நான் ரெண்டு மார்கழிக்குப் போட்டிருந்தேன். நல்ல துணி.

அந்த வெள்ளிக்கிழமை கிங் எரிமலை வந்தார். புகை மெஷின், சங்கிலி, கையில் தேள் படம். பாட்டு வேகமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போனோம். புகை கிளம்பி மாப்பிள்ளையின் பெரியப்பா இருமி, ரெண்டு பேர் அவரை வெளியே காற்றுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடியே பெரியவர் வீட்டுத் தெலுங்கு கலந்து சொல்லி அனுப்பினார்: "அந்த மழைப் பாட்டு பாடச் சொல்லண்டி. அது போதும்."

கிங் எரிமலை மைக்கிலேயே, அது என் பாட்டில்லை, அந்த மாதிரிப் பாட்டை நான் பாடுவதில்லை என்றார். பந்தல் சப்பென்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் கேட்ட பாட்டைப் பாடாமல் இருக்கக்கூடாது. கீபோர்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, வேன் ஓட்டும் கருப்பசாமியை மேடைக்கு இழுத்தார். கருப்பசாமி ஓட்டும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் பாடுவான். அண்ணாச்சி பேசுவது கேட்காமல் இருக்க அது ஒரு வழி. அழுக்குச் சட்டையோடு வந்து நின்று, கடைசி வரியில் குரலை இறக்காமல், "ஏ" என்று ஒரு இழுப்பு இழுத்துக் கையைத் தட்டினான். மொத்தப் பந்தலும் தட்டியது. வெளியே பெரியவரும் தட்டினாராம்.

அதிலிருந்து எங்கே போனாலும் மழைப் பாட்டு கேட்டால் கருப்பசாமி பாடுவான் என்று ஆயிற்று. ஊர்களில் அவனைச் சாரல் மாரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் முதலில் இல்லை இல்லை என்றான். ஒவ்வொரு ஊரிலும் இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது, அண்ணாச்சியைத் தவிர.

எரிமலையும் அணைந்து, அண்ணாச்சி நிசப்தன் ஆனார். பாடுகிறவனுக்கு இப்படி ஒரு பேரை அவரால்தான் வைக்க முடியும். மொட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. மீசையும் போயிற்று. உட்கார்ந்து, கண்ணை மூடி, பாட்டுக்குப் பாட்டு நடுவில் பேசாமல் இருப்பார். போர்டில் அவருடைய பின்மண்டை மட்டும் இருந்தது. மதினிக்கு இதில் ஒரு சொல்லும் குறையவில்லை. அந்தச் சொல்லை அவர் அதற்கு முன்னாலும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கருப்பசாமி வந்து கேட்டான். கடைக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பாய், நான், அண்ணாச்சி. கருப்பசாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தனியாக ஒரு கோஷ்டி ஆரம்பிக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நீங்க விட்ட பேரு சும்மாதான கெடக்கு அண்ணாச்சி. நான் வச்சுக்கிடட்டா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

பாய் அண்ணாச்சியின் முழங்காலைத் தொட்டு, யோசித்துச் சொல் என்றார். அண்ணாச்சி யோசிக்கவில்லை. சிரித்தார்.

"ஏலே, செத்தவன் சட்டைக்கு என்கிட்ட எதுக்குக் கேக்க? எடுத்துக்கோ. அந்த ஜிப்பாவும் வீட்டுல கெடக்கு. சேத்து எடுத்துட்டுப் போ."

கருப்பசாமி அன்றைக்கே போய் வாங்கிக்கொண்டான். மதினி அதைத் துவைத்து, கையில் ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்தாராம்.

சாரல் மாரி கோஷ்டி சீக்கிரமே சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் என்று ஓடியது. யூடியூபில் மழைப் பாட்டைக் கைதட்டலோடு போட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். நிசப்தனுக்குப் பங்குனியில் ஒரு கச்சேரி இல்லை. சித்திரையில் இல்லை. கோயில் பொங்கல் காலத்தில் பாடினால்தான் எங்கள் பக்கத்துப் பாடகனுக்கு வருஷம் ஓடும். மூஞ்சியைக் காட்டாதவனுக்கு மேடை எதுக்கு என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். தறியிலும் வேலை குறைந்து மதினிக்கு வாரத்தில் பாதி நாள் வீடு. காலையில் பழைய சோறு, ராத்திரி அதே சோற்றுத் தண்ணீர். அது எனக்குப் பழக்கம், அவர் மகளுக்குப் பழக்கமில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். சாரல் மாரி சாகவில்லை என்றார். ஓய்வில் இருந்தான் என்றார். 'ஒரிஜினல் சாரல் மாரி' என்று கடனுக்கு ஒரு போர்டு அடித்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சோழபுரம் தாண்டி ஒரு ஊரில் ஆடி மாதம் அம்மன் கோயில் பொங்கல். அந்தப் பருவத்தில் அதுதான் கடைசிப் பெரிய மேடை. அங்கே தேறினால் அடுத்த வருஷத்துக்கு நாலு ஊர்க்காரர்கள் அங்கேயே பேசிவிட்டுப் போவார்கள். தேறாவிட்டால் மில்லுக்கு வாட்ச்மேன் வேலை இருக்கிறது. அதற்கு அண்ணாச்சி ஒரு இடத்தில் சொல்லியும் வைத்திருந்தார். மதினியின் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் அது என்பதால் மதினியும் மகளும் முந்தின நாளே போயிருந்தார்கள். கச்சேரி கருப்பசாமியுடையது. மைக்செட் பாயுடையது, ஆனால் பாய் அன்றைக்கு வரவில்லை. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்து, ஜனம் சாக்கு விரித்து இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நேராக மேடையேறி மைக்கைப் பிடித்து, உண்மையான சாரல் மாரி நான்தான், இந்தக் கச்சேரி என்னுடையது என்றார். ஜனம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துச் சிரித்தது.

கமிட்டித் தலைவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நியாயமான ஆள். ரெண்டு பேருடைய ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்தார். "இதுல எவனுக்கும் சாரலும் இல்ல, மாரியும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். கருப்பசாமியைப் பார்த்து, இது யார் என்றார். கருப்பசாமி குனிந்து வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வயர் சரியாகத்தான் இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பேரில் அவன் வேனும் நாலு குடும்பமும் ஓடின. பெட்டி தூக்குகிறவனை யாரும் கேட்கவில்லை.

சரி, பாடிக் காட்டு என்றார் தலைவர்.

அண்ணாச்சி பாடினார். நான் இதைச் சும்மா சொல்லவில்லை, கொல்லத்தில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. பசி குரலில் சேர்ந்திருந்தது. கடைசி வரியில் கீழே இறக்கி, தூரத்து மழையாக்கி விட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "தப்பாப் பாடுதாரு. 'ஏ' வரணும், கை தட்டணும்" என்றாள். பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். யாரோ அவருக்கு எப்படிப் பாடுவது என்று கைதட்டிக் காட்டினார்கள். அவர் கட்டிய பாட்டை அவருக்கு அந்த ஊர் சொல்லிக்கொடுத்தது.

தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். மதினி தங்கச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நீ இந்த ஊருக்குச் சம்பந்தப்பட்டவ. பொய் சொல்ல மாட்டே. உன் வீட்டுக்காரரு சாரல் மாரியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிரும்."

மதினி எழுந்து நின்றார். மகளின் கையைப் பிடித்திருந்தார். அண்ணாச்சி மேடையிலிருந்து தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொன்னால் போதும், பேர்கூடச் சொல்ல வேண்டாம், அதுதான் அந்த ஆட்டலுக்கு அர்த்தம்.

"சாரல் மாரி பாடட்டுங்க, நேரமாவுது" என்றார் மதினி. "எங்க வீட்டுக்காரரு இப்பிடி வந்து உக்காரட்டும்."

பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதினி எப்படிப்பட்டவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி சொன்னாள், "வாயால பேரைச் சொல்லிட்டாள்ல. பொறவு என்ன?" அவ்வளவுதான். ஆதார் கார்டில் தீராதது அதில் தீர்ந்தது. கட்டினவன் பேராக இருந்தால் அந்தப் பெண் சொல்லியிருப்பாளா? தலைவர் மேடைக்குக் கையைக் காட்டினார். கருப்பசாமி மைக்கை வாங்கி, துண்டால் துடைத்துக்கொண்டான்.

வந்தவரைச் சும்மா இறக்கிவிடக்கூடாது என்று ஒரு பொன்னாடை கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளர், பேர் என்ன அண்ணாச்சி என்று காதோடு கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். அறிவிப்பாளர் கெட்டிக்காரர். "நமது ஊர் மூத்த சகலை அவர்களுக்கு" என்று அறிவித்துப் போர்த்திவிட்டார். அன்றைக்கு அவர் வாங்கிய கைதட்டல் அதற்குத்தான்.

கச்சேரி ஓடும்போதே பாயின் சின்ன வேனில் அவர்களை ராஜபாளையத்துக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். மகள் மடியில் தூங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி கேட்டார்.

"பேரைச் சொல்லிட்டியே."

"அது இப்பம் வேற ஆம்பள பேருதான. சொன்னா என்ன?" என்றார் மதினி. குரலில் கோபமே இல்லை. "அவன் வேற ஆளு, நீங்க வேற ஆளுன்னு நீங்கதான சொன்னிய. எனக்கு என்ன தெரியும், நீங்க சொல்லுததைத்தான நான் கேக்கேன்."

அண்ணாச்சி பொன்னாடையின் சரிகையை விரலால் உரித்துக்கொண்டிருந்தார். மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. மதினி மகளின் முகத்தை முந்தானையால் மூடினார்.

"சாரல் அடிக்குது. அந்தக் கண்ணாடியை ஏத்தி விடுங்க" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றினார்.

அடுத்த மாதம் நான் திருப்பூருக்குப் போய்விட்டேன். அங்கிருந்து இன்னொரு ஊர். போன பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்தபோது ராஜபாளையத்தில் இறங்கி அந்த வீட்டைப் பார்த்தேன். கூரை புதுத் தகரம். அதில் யாரும் படுத்திருக்கவில்லை. அண்ணாச்சி சாரல் மாரி கோஷ்டியில் கோரஸ் பாடுகிறார். போர்டில் பேர் கிடையாது. பேர் இல்லாத கூலிதான் கூரையாகியிருக்கிறது. முடி பாதி வளர்ந்து, நரைத்து, யாரைப்போலவும் இல்லாமல் நன்றாக இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று கச்சேரி. பெட்டி இறக்கிக் கொடுத்துவிட்டு அவரோடு டீக்கடைக்குப் போனேன். கடைப் பையன் செல்போனில் மழைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கைதட்டலோடு. டீ ஆற்றுகிறவர், நீங்கள் அந்தக் கோஷ்டிதானே, சாரல் மாரியை உங்களுக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

அண்ணாச்சி பாட்டுத் தீரும் வரை கிளாஸைக் கையில் வைத்திருந்தார்.

"நல்லாத் தெரியும்" என்றார். "ஆரம்பத்துல ரொம்ப நல்லாப் பாடுவான்."